சுற்றிவிட்டுப் பார்க்காத சக்கரம்

என் சைக்கிள் ஸ்டாண்டு கடலோர ஊரான கார்தெனாஸில், கயிற்று ஆலைக்கு எதிரே. முன்பு அங்கே துணிக்கடை இருந்தது. கூரை விழுந்தது. பிறகு சுவர்கள். தரை மட்டும் மிஞ்சியது. நல்ல பளிங்குத் தரை, மழை பெய்தால் வழுக்கும்.

பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன வருடங்கள் அவை. எல்லோருக்கும் சீனத்து சைக்கிள் வந்திருந்தது. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இரும்புக் கட்டில் கனம். காலையில் ஆலைக்காரர்கள் விட்டுப் போவார்கள், மூன்று மணிச் சங்குக்கு எடுத்துப் போவார்கள். இடம் சிறியது. முழங்காலால் தள்ளித்தான் அடுக்குவேன். மட்கார்டுகள் ஒன்றோடொன்று இடித்து வளையும். வளைந்தால் டயரில் உரசும். உரசினால் ஃபெர்மினிடம் போவார்கள். அவன் என் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஃபெர்மின் என் முன்னாள் கணவன்.

"இவ வளைக்கிறா, அவன் நிமித்துறான். பிரிஞ்சப்புறம்தான் குடும்பம் ஒழுங்கா நடக்குது" என்பார்கள் ஆலைக்காரர்கள்.

பிரிந்தாலும் வீடு ஒன்றுதான். போக வேறு வீடு கிடையாது. அது யாருக்கும் கிடையாது. அறையின் நடுவே அலமாரியை இழுத்து நிறுத்தினோம். ஜன்னல் எனக்கு வந்தது, மின்விசிறி அவனுக்கு. அடுப்பு பொது, ரேஷன் பொது. பேச வேண்டியதை அலமாரி வழியாகப் பேசுவோம்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. வில்போல் செதுக்கிய மரக்கட்டை ஒன்று வைத்திருந்தான். மட்கார்டை அதன்மேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டு வருவான். பிறகு அதைத் தாங்கும் கம்பிகளை நேராக்கி மாட்டுவான். கடைசியில் சைக்கிளின் பின்புறத்தைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொள்வான். சக்கரம் தானாக நிற்கும்வரை கேட்பான். உரசல் இல்லையென்றால்தான் கையைத் துடைப்பான்.

"சுத்தி விட்டுப் பாக்காம நான் எந்த வண்டியும் குடுத்ததில்ல" என்பான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஊராட்சி கொடுத்த நம்பர் தகடு உண்டு. அதைப் பின் மட்கார்டில்தான் திருகியிருப்பார்கள். நான் வண்டியை வாங்கும்போது தகரத்தில் வெட்டிய டோக்கன் கொடுப்பேன், அதன் பின்னால் தகட்டு எண்ணைச் சாக்குக்கட்டியால் எழுதியிருப்பேன். திருப்பித் தரும்போது டோக்கனையும் தகட்டையும் பார்ப்பேன். ஆளைப் பார்ப்பதில்லை. அத்தனை கறுப்பு சைக்கிள்களில் சைக்கிளைப் பார்த்தும் பயனில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஃபெர்மினிடம் இரண்டு வண்டிகள் இருந்தன.

ஒன்று எவரிஸ்தோவுடையது. ஆலையில் நூல் முறுக்கும் இயந்திரத்தில் வேலை செய்பவர். ஊருக்கு வெளியே கான்தெலிலிருந்து வருவார். சைக்கிளைக் குதிரையைப்போலப் பராமரிப்பார். பெடல், செயின், பால்ரஸ் எல்லாவற்றையும் தானே பிரித்துக் கழுவி கிரீஸ் வைத்து மாட்டியிருந்தார். பின் டயர் மட்டும் கிழிந்ததை ஆலையின் கற்றாழை நாரால் தைத்திருந்தார். தைத்த இடத்தில் ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பு தட்டாமலிருக்க ஃபெர்மின் மட்கார்டை அகட்டி, கம்பிகளை இழுத்து, உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று நிக்காசியோவுடையது. மூலையில் இருக்கும் ரேஷன் கறிக்கடைக்காரர். அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டதை யாரும் பார்த்ததில்லை. டயர் தேய்ந்து மெலிந்திருந்தது. ஃபெர்மின் அவர் மட்கார்டை டயரையொட்டி, ஒரு விரல் இடைவெளியில் வளைத்தான்.

இரண்டு மட்கார்டும் கழற்றி, நிமிர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்போது மழை வந்தது. நான் ஓடி எல்லா சீட்டுகளுக்கும் நைலான் பை மாட்டினேன். மழை விடவில்லை. சங்கு ஊதும் நேரம் நெருங்கியது. ஃபெர்மின் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, மழையிலேயே மாட்டினான்.

சங்கு ஊதியது. முதலில் நிக்காசியோ வந்தார். டோக்கனைப் பார்த்தேன், தகட்டைப் பார்த்தேன், கொடுத்தேன். அவர் போனபின் எவரிஸ்தோ. டோக்கன், தகடு. கொடுத்தேன்.

எவரிஸ்தோ சற்று நேரத்தில் நடந்தே திரும்பி வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நைலான் பை அவர் கையில் இருந்தது.

"ஒதாலிஸ், இது என் வண்டி இல்ல."

"தகடு உங்களோடதுதானே?"

"தகடு என்னோடது. மட்கார்டும் என்னோடது. மத்ததெல்லாம் வேற யாரோடதோ."

சீட்டைக் காட்டினார். பஸ் சீட்டின் பச்சை ரெக்சினால் மூடிய சீட்டு. அவருடையது தோல் சீட்டு. பெடலைச் சுற்றினார். கடகடவென்றது.

"ஃபெர்மின்" என்றேன்.

"நான் மட்கார்டுதான் பாத்தேன்" என்றான் அவன். தலையிலிருந்து சாக்கை எடுக்கவில்லை.

"ரெண்டையும் மாத்தி மாட்டிட்டியா?"

"மாத்தி மாட்டுனா சக்கரத்தைச் சுத்துறப்ப தெரியாதா? சுத்தி விட்டுப் பாக்காம நான் எந்த வண்டியும் குடுத்ததில்ல."

எவரிஸ்தோ அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"வெள்ளிக்கிழமை ஆலையில கூட்டம் இருக்கு. அதுக்குள்ள என் வண்டி வரலேன்னா அங்க எழுந்து சொல்லிடுவேன். ஒதாலிஸ் ஸ்டாண்டுல நல்ல வண்டி உள்ள போய் ஓட்டை வண்டி வெளிய வருதுன்னு. உம்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா சொல்லிடுவேன்."

கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் போதும். மறுநாள் ஒரு வண்டி என் தரையில் நிற்காது. அடுத்த வாரம் அனுமதி போய்விடும். கூரையில்லாத அந்தத் தரையைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை எவரிஸ்தோ போலீசுக்குப் போனார். நானும் போனேன். அங்கிருந்த இளம் போலீஸ்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தகடு யாரோடது தோழரே?"

"என்னோடது."

"அப்ப வண்டியும் உங்களோடதுதான். ஃபிரேம்ல அடிச்ச நம்பர் எங்க?"

"கடல் காத்து தின்னுடுச்சு."

"உங்க தகடு உங்ககிட்ட இருக்கு. அவரு தகடு அவருகிட்ட இருக்கு. நான் என்னன்னு எழுதுறது? உங்க சைக்கிளை நீங்களே திருடிட்டீங்கன்னா?"

எவரிஸ்தோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனார். தாமதம். ஏறி மிதித்தால் பெடல் நழுவியது.

நான் கறிக்கடைக்குப் போனேன். கொக்கிகள் காலியாகத் தொங்கின. நிக்காசியோ ஈரத்துணியால் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, சைக்கிள் நின்றது. தோல் சீட்டு.

"கோழி இன்னும் வரல, ராணி." எல்லாப் பெண்களையும் அவர் ராணி என்றுதான் கூப்பிடுவார்.

"கோழிக்கு வரல. சைக்கிளுக்கு வந்தேன்."

"எந்த சைக்கிள்?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கிறது."

"அதுவா? அத கேக்காத. ஃபெர்மின் கை பட்டதும் புதுசாயிடுச்சு. முன்னாடி மேடு ஏறினா எருமை மாதிரி நிக்கும். இப்ப வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது."

"சீட்டு பச்சையா இருந்துச்சே."

"சீட்டுகூட நல்லாயிடுச்சு. அப்படியொரு கை அவனுக்கு."

"நிக்காசியோ."

"தகடு என்னோடதுதானே, ராணி? நீயே பாத்துத்தானே குடுத்த?"

அவரிடம் அதற்குமேல் பேச முடியாது. ஊரில் யாராலும் முடியாது. கோழிக்கால் யாருக்கு, முதுகெலும்பு யாருக்கு என்று தீர்மானிப்பது அவர் கத்தி.

வண்டி புதிதாகிவிட்டது என்று அவர் தெருவெங்கும் சொல்லியிருந்தார். மாலையில் அலமாரிக்கு அப்பாலிருந்து ஃபெர்மினின் குரல் வந்தது.

"நிக்காசியோ என்ன சொல்றான்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"வண்டி புதுசாயிடுச்சாம்."

"மட்கார்டை நிமித்துனா பெடல் லேசாகுமா?"

"உரசல் போச்சுன்னா எல்லாமே லேசாகும். உனக்குத் தெரியாது."

"பச்சை சீட்டு தோல் சீட்டாகுமா?"

மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான்.

புதன்கிழமை காலை ரொட்டி வரிசையில் நின்றிருந்தேன். நிக்காசியோ சைக்கிளில் போனார். வண்டி கடகடக்காமல் ஓடியது. ஆனால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்ச தூரம். டக். மறுபடி டக்.

எனக்குப் புரிந்தது. நாரால் தைத்த புடைப்பு, ஒட்டி வளைத்த மட்கார்டில் இடிக்கிறது. இருபது வருடம் ஃபெர்மின் பக்கத்தில் இருந்தவள் நான். அவன் இதைச் சுற்றிவிட்டுப் பார்த்திருந்தால் முதல் சுற்றிலேயே கேட்டிருக்கும்.

எனக்குப் பின்னால் காசில்தா நின்றிருந்தாள். அவளுக்கு வாயை மூடத் தெரியாது. நான் அவளிடம், "என்ன சத்தம் அது?" என்று மட்டும் கேட்டேன்.

"கறிக்கடைக்காரன்" என்றாள். உரக்கச் சொன்னாள். "ஒரு சுத்துக்கு ஒரு எலும்பு வெட்டுறான். சத்தம் மட்டும் வருது, கறி வரமாட்டேங்குது."

வரிசை சிரித்தது. நிக்காசியோவுக்குக் கேட்டது. மிதிப்பதை வேகப்படுத்தினார். டக்டக்டக் என்றது.

"அடடா, இப்ப கொத்துக்கறி" என்றாள் காசில்தா.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவர் தெருவில் வந்தால் ஜன்னல்களிலிருந்து குரல் வரும். "எனக்கு நெஞ்செலும்பு, நிக்காசியோ." "எனக்குக் கொழுப்பில்லாம." அவர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். தள்ளினாலும் டக் என்றது.

நான் வீட்டில் அலமாரியைப் பார்த்துச் சொன்னேன்.

"நிக்காசியோ வண்டி தட்டுது."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"சுத்துக்கு ஒரு தடவை."

"வேற ஏதாவது தட்டும். ஸ்போக்ஸ் தட்டும்."

"ஸ்போக்ஸ் அப்படியா தட்டும்?"

"எனக்குத் தூக்கம் வருது."

இன்னும் இருட்டக்கூட இல்லை.

வியாழக்கிழமை நிக்காசியோ ஸ்டாண்டுக்கு வந்தார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபெர்மின் முன்னால் இறக்கினார்.

"மேஸ்திரி, எல்லாம் பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. தட்டுது."

ஃபெர்மின் பின்புறத்தைத் தூக்கினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். கண்ணை மூடினான். டக். டக். டக். நிற்கும்வரை கேட்கவில்லை. கையால் பிடித்து நிறுத்தினான். டயரை மெல்ல நகர்த்தி, புடைப்பு மேலே வந்ததும் விட்டான். மஞ்சள் நார்த் தையல். ஆலை நார். அவன் மட்கார்டை அகட்டியது அந்தத் தையலுக்காகத்தான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நிக்காசியோவும் பார்த்தார்.

"கொஞ்சம் தூக்கி வச்சா போதும், இல்ல மேஸ்திரி? ஒரு நிமிஷ வேலை. நான் நிக்கிறேன்."

அது உண்மை. கம்பி நட்டுகளைத் தளர்த்தி மட்கார்டைத் தூக்கி வைத்தால் முடிந்தது. தட்டாது. அந்த மட்கார்டு அந்த வண்டியோடு பொருந்திவிடும். பிறகு அது நிக்காசியோவின் வண்டிதான், ஃபெர்மின் கை பட்டு வெண்ணெயான வண்டி. நாளை கூட்டத்தில் எவரிஸ்தோ எழுந்து நிற்பார்.

ஃபெர்மின் ஸ்பேனரை எடுத்தான். நட்டில் வைத்தான். திருப்பவில்லை.

அப்போது தெருமூலையிலிருந்து ஒரு கூச்சல். கோழி லாரி வந்திருந்தது. கடை பூட்டிக் கிடந்தது, ஜனம் வரிசை கட்டிவிட்டது. "நிக்காசியோ எங்க? எலும்புச் சத்தம் கேக்கலையே?" என்றது காசில்தாவின் குரல்.

"போங்க" என்றான் ஃபெர்மின். "சாயங்காலம் வாங்க. தட்டாது."

நிக்காசியோ என்னிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு ஓடினார்.

ஃபெர்மின் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஒரு சிகரெட் பற்றவைத்தான். பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். எனக்கு அவனைத் தெரியும். பேசினால் கெட்டுவிடும். வண்டிகளை அடுக்கப் போனேன்.

"எவரிஸ்தோ வண்டி உள்ள இருக்கா?" என்றான்.

"எந்த வண்டி?"

"பச்சை சீட்டு."

"இருக்கு."

"கொண்டு வா."

கொண்டு வந்தேன். அவன் இரண்டு மட்கார்டையும் கழற்றினான். நான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டேன். பிரிந்த பிறகு நாங்கள் ஒரே பொருளைச் சேர்ந்து பிடித்தது அப்போதுதான். அகட்டிய மட்கார்டு தைத்த டயருக்குப் போனது. ஒட்டிய மட்கார்டு மெலிந்த டயருக்குப் போனது. தகடுகளும் கூடவே போயின. அவற்றை அவன் தொடக்கூட இல்லை.

முதல் வண்டியைத் தூக்கிச் சுற்றிவிட்டான். கண்ணை மூடினான். சக்கரம் ஓடியது, ஓடியது, நின்றது. சத்தமே இல்லை. இரண்டாவதையும் அப்படியே.

கையைத் துடைத்தான்.

சங்கு ஊதியது. எவரிஸ்தோ டோக்கனை நீட்டினார். தகட்டைப் பார்த்து வண்டியைக் கொடுத்தேன். அவர் தோல் சீட்டைப் பார்த்தார். கையை அதன்மேல் வைத்தார்.

"இது யார் வண்டி?" என்றார்.

"தகடு யாரோடது?"

"என்னோடது."

"அப்ப உங்களோடதுதான்."

அவர் ஃபெர்மினைப் பார்த்தார். ஃபெர்மின் எழுந்து நின்றான். வேலை நேரத்தில் அவன் யாருக்காகவும் எழுவதில்லை.

"திங்கக்கிழமை மழை" என்றான். "நான் சுத்தி விட்டுப் பாக்கல."

ஆலைக்காரர்கள் நாலைந்து பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப?" என்றார் எவரிஸ்தோ.

"பாத்தேன்."

எவரிஸ்தோ தானே பின்புறத்தைத் தூக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கேட்க ஒன்றும் இல்லை.

"சரி" என்றார். ஏறிப் போனார்.

"மேஸ்திரி, எனக்கும் ஒரு தடவை சுத்திக் காட்டிடுங்க" என்றார் வரிசையில் ஒருவர். "வானம் மூட்டமா இருக்கு."

"டோக்கனை எடு" என்றேன்.

நிக்காசியோ கடையை மூடிவிட்டு வந்தார். கையில் கோழி வாசனை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பச்சை சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ராணி, இது என்னோடது இல்லையே."

"தகடு?"

குனிந்து பார்த்தார். நிமிர நேரம் எடுத்துக்கொண்டார்.

"தகடு என்னோடதுதான்."

"பாத்துத்தான் குடுத்தேன்."

"தட்டுறது போயிடுச்சு" என்றான் ஃபெர்மின். "கேட்டுப் பாருங்க."

நிக்காசியோ ஏறி மிதித்தார். தட்டவில்லை. உரசவில்லை. பெடல் மட்டும் கடகடவென்றது. சில கெஜம் போய் ஒரு காலை ஊன்றித் திரும்பினார்.

"பெடல் கத்துதே, மேஸ்திரி."

"பெடல் எனக்குத் தெரியாது. நான் மட்கார்டுதான்."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எவரிஸ்தோ எழுந்தார். கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை எங்கள் பங்குக் கோழியை வாங்கப் போனேன். நிக்காசியோ சிரித்த முகமாகத்தான் இருந்தார். கத்தியைத் தீட்டினார். இரண்டு கழுத்து, ஒரு முதுகு, இறக்கை நுனிகள். தராசு சரியாகக் காட்டியது. எடையில் அவர் ஏமாற்றுவதில்லை.

"அடுத்த ஆள்" என்றார்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தேன். ஃபெர்மின் அலமாரியைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தான்.

"கால் எங்க?"

"திங்கக்கிழமை மழையில போயிடுச்சு."

அவன் ஒரு கழுத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். திரும்ப வைத்தான்.

"சூப் வைக்கலாம்" என்றான்.

"வைக்கலாம். வெங்காயம் நறுக்கு."

அவன் அலமாரிக்கு அப்பால் தன் பக்கத்தில் இருந்த கத்தியைத் தேடப் போனான். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.